பொய் விரிசல்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வள்ளியூர் பஸ் ஏறிப் போன மறுநாள் காலையில் செல்வமணி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உடனே திரும்ப நினைக்கிறவர்கள் நிற்கிற நிற்பு அது.

"அக்ரஹாரத்து மாமி வீட்டுச் சுவரை நாளைக்குச் சுரண்டப்போறோம், கௌசல்யா. உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமச் செய்ய மனசு வரல."

கௌசல்யா வாளியில் ஊறிய ஸ்பாஞ்சுகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் லிங்கத்தின் ஸ்பாஞ்சுகள். காய்ந்து கல்லாகிக் கிடந்தவற்றை எதற்காக ஊறப்போட்டோம் என்று அவளுக்கே தெரியாது.

"எதை அண்ணாச்சி சுரண்டப்போறீக? விட்டுப்போன இடத்தையா?"

"விட்டுப்போன இடத்துல சுரண்ட என்ன இருக்கு? முழுச் சுவரையுந்தான். சுரண்டி, பட்டி பாத்து, முதல்லருந்து இழுக்கணும். கொல்லத்துக்காரன் ஒருத்தன்கிட்ட பேசியாச்சு."

செல்வமணி திருவனந்தபுரத்தில் பெயிண்டு வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவர். அவரிடம் வெள்ளையடிக்க, பட்டி பார்க்க ஆட்கள் நிறைய உண்டு. ஆனால் கல்லில்லாத இடத்தில் கல்லையும், மரமில்லாத இடத்தில் மரத்தையும் சுவரில் வரவழைக்க வேண்டுமென்றால் லிங்கம் ஒருவன்தான். அவன் கூடவே கௌசல்யா போவாள். கலவை குழைத்துக் கொடுப்பாள், உப்புத்தாள் போடுவாள், தரையில் சிந்தியதைத் துடைப்பாள். கலவையைச் சுவரில் இழுக்கிற தகட்டைப் பிடிக்கிற வேலை மட்டும் அவளுடையதல்ல. எந்த வீட்டிலும் பெண்பிள்ளை தகடு பிடித்து யாரும் பார்த்ததில்லை. சுவரின் நான்கு ஓரமும் நேராக வருவதற்கு டேப் ஒட்டுவது லிங்கம். கடைசியில் அதை உரிப்பது கௌசல்யா. அவள் நகத்துக்குச் சிக்க வேண்டுமென்று டேப்பின் நுனியைச் சின்னதாக மடித்து ஒட்டுவான். அதைப் பற்றி அவன் சொன்னதுமில்லை, அவள் கேட்டதுமில்லை.

கரமனை அக்ரஹாரத்தில் அனந்தலக்ஷ்மி மாமி வீட்டுக் கூடத்துச் சுவர்தான் அவன் கடைசியாக இழுத்த சுவர். மாமியின் மருமகள் ஆஷா எங்கோ ஒரு ஓட்டலில் எடுத்த படத்தைப் போனில் காட்டி, நூறு வருஷத்துப் பழைய காரைச் சுவர் மாதிரி வேண்டுமென்று கேட்டிருந்தாள். மாமி அன்றைக்கே சொன்னாள்: "நான் கல்யாணம் பண்ணிண்டு வந்தப்போ இந்தச் சுவர் நிஜமாவே அப்படித்தான் இருந்தது. காசு குடுத்துப் புதுசாக்கினோம். இப்போ காசு குடுத்து மறுபடியும் பழசாக்கறா. நன்னாயிருக்கு, கேட்டேளா?" லிங்கம் சாரத்தின் மேல் நின்றபடியே சிரித்தான்.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு சுவரை ஒரே கை, நடுவில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும். பாதியில் தகட்டைக் கீழே வைத்தால், காய்ந்த ஓரமும் ஈர ஓரமும் சேருகிற இடம் தையல் போட்ட புண் மாதிரி தெரியும். லிங்கம் ஒரு நாளும் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. அன்று மட்டும் சுவரில் வலப்பக்கம் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே, "கை கடுக்குது, நாளைக்குப் பாப்போம்" என்று இறங்கிவிட்டான். மறுநாள் காலை மேல்பூச்சுக்கான காவிப்பொடி வாங்க சாலைக் கடைத்தெருவுக்குப் போனான். வாங்கியும்விட்டான். திரும்பும்போது பழவங்காடி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் சட்டையோடு அந்தக் காவிப்பொடிப் பையையும் அவள் கையில் கொடுத்தார்கள்.

அந்தப் பை இப்போது சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கௌசல்யா அதைப் பார்த்தாள்.

"சுரண்ட வேண்டாம் அண்ணாச்சி. மிச்சத்தை நான் இழுக்கேன்."

செல்வமணி செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எம்மா, உனக்குத் தெரியாத விஷயமா? ஒட்டு தெரியும். அவன் கை வேற, உன் கை வேற."

"தெரியாமச் செய்வேன்."

"அது சீமந்த வீடு. அந்த மருமகப் பொண்ணுக்கு அடுத்த வாரம் விசேஷம். நீ இப்ப..." அவர் பாதியில் நிறுத்தி வாளியைப் பார்த்தார்.

"அதை நானே மாமிகிட்ட கேட்டுக்கிடுதேன். நீங்க நாளைக்குச் சுரண்டியை எடுத்துட்டு வராதீக. அது போதும்."

"வேலை கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுப்போச்சுன்னா சுரண்டியை என் கைல குடுங்க. நானே சுரண்டுதேன்."

அன்று மத்தியானமே அவள் அக்ரஹாரத்துக்குப் போனாள். அவள் குடியிருந்த ஆற்றங்கரை லைன் வீட்டிலிருந்து அது நடக்கிற தூரம்தான். மாமி கதவைத் திறந்தாள். அவள் கண் முதலில் கௌசல்யாவின் கழுத்துக்குப் போய், பிறகு முகத்துக்கு வந்தது.

"ஐயோ, என்னத்தைச் சொல்லட்டும் நான். அன்னிக்குச் சாயங்காலம் இங்கே காப்பி குடிச்சுட்டுப் போனவனாக்கும்."

"மாமி, நேராவே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். வீட்டுல சீமந்தம் வருது. நான் உள்ள வந்து வேலை செய்யலாமா, கூடாதா? கூடாதுன்னா இப்பவே சொல்லிருங்க."

மாமி முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் என்ன சொல்லப்போறேன். தெருவிலே நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவா..."

உள்ளேயிருந்து ஆஷாவின் குரல் வந்தது. "அம்மா, அவங்க உள்ள வரட்டும். ப்ளீஸ்."

"நான் வேண்டாம்னேனாடி? சொல்லி முடிக்க விடறியா நீ?" மாமி திரும்பிக் கத்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்: "வேலைன்னு வந்தா அதெல்லாம் பார்க்க முடியுமா. உள்ளே வா. விசேஷத்தன்னிக்கு மட்டும்..."

"அன்னைக்கு நான் என்னத்துக்கு வாரேன்? அதுக்குள்ள சுவர் முடிஞ்சிரும்."

மாமிக்கு அந்தப் பதில் சுருக்கென்று பட்டது என்பதை முகம் காட்டியது. ஆனாலும் கதவை முழுக்கத் திறந்தாள்.

கூடத்தில் சுவர் அப்படியே நின்றது. கௌசல்யா பக்கத்தில் போய்ப் பார்த்தாள். இடது கோடியிலிருந்து லிங்கத்தின் இழுப்புகள் அலை அலையாக வந்துகொண்டிருந்தன. கீழிருந்து மேலாகச் சாய்வாக ஒரு இழுப்பு. முடிகிற இடத்தில் மணிக்கட்டைத் திருப்பி ஒரு சின்னச் சுண்டு. மீன் வால் மாதிரி ஒரு தடம் விழும். அந்தச் சுண்டுதான் அவன் கையெழுத்து. சுவரின் முக்கால் பாகம் தாண்டியதும் இழுப்புகள் குட்டையாயின. கடைசி வரிசையில் மீன் வால் இல்லை. தகடு வெறுமனே தேய்ந்து நின்றிருந்தது.

அவள் அந்தக் கடைசித் தடத்தின் மேல் விரலை வைத்தாள். அங்கேதான் அவனுக்குக் கை வலித்திருக்கிறது. அதைச் சுரண்டுவார்களாம்.

வீட்டுக்கு வந்து, பழைய ப்ளைவுட் பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து, மிச்சமிருந்த கலவையைக் குழைத்தாள். குழைக்கிற பதம் அவளுக்கு அத்துப்படி. இட்லி மாவை விடக் கெட்டி, சப்பாத்தி மாவை விட இளக்கம். தகட்டைப் பிடித்து இழுத்தாள். இழுப்பு வந்தது. சுண்டு வரவில்லை. மீன் வாலுக்குப் பதிலாகக் கோழி கிளறின மாதிரி விழுந்தது. வழித்துப் போட்டுவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடி வழித்தாள். பக்கத்து வீட்டுச் சரசம்மா துணி காயப்போட வந்தவள், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"எந்தா கௌசல்யே, பலகைக்குப் பவுடர் பூசுறியா?"

"ஆமா சேச்சி. கட்டிக் குடுக்கப்போறேன்."

சரசம்மா சிரித்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அந்த முற்றத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. ஆனால் பலகை சிரிக்கிற மாதிரி இல்லை. மறுநாளும் இழுத்துப் பார்த்தாள். அவளுக்கென்று ஒரு இழுப்பு மெல்லப் படிந்து வந்தது. நீளமாக, நிதானமாக, முடிகிற இடத்தில் தானாகத் தேய்ந்து மறைகிற இழுப்பு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அது லிங்கத்தினுடையது இல்லை. செல்வமணி சொன்னது சரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குருடனுக்கும் தெரியும்.

கலவை தீர்ந்துபோனதால் சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். பழவங்காடி நிறுத்தத்தில் இறங்காமல் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தாள். சாலைத் தெருவில் மிளகாய் மூட்டை இறக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் ஓரமாக ஒதுங்கி நின்றபோது, எதிர்ச் சுவர் அவள் கண்ணில் பட்டது. மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். விரிசலுக்கு இந்தப் பக்கம் எந்தக் காலத்திலோ பூசிய கரடுமுரடான காரை. அந்தப் பக்கம் பிற்பாடு வேறு யாரோ பூசிய வழவழப்பு. இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனாலும் சுவர் ஒரே சுவராகத்தான் நின்றது. கண் நேராக விரிசலுக்குப் போனதே தவிர, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

"வழி விடுங்க அக்கா, வழி, வழி!" என்று சுமைக்காரர் கத்தினார். அவள் நகரவில்லை. மூட்டை அவள் தோளை உரசிக்கொண்டு போனது.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. செல்வமணி தாமே சாரம் கட்டிக் கொடுத்தார். கட்டிவிட்டு, போகாமல் வாசல் பக்கம் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். லிங்கம் டேப் ஒட்டாமல் விட்டிருந்த வலப்பக்கத்து ஓரங்களுக்குக் கௌசல்யா டேப் ஒட்டினாள். லிங்கத்தின் கடைசித் தடத்துக்கு ஒரு விரல் தள்ளி, அதன் மேல் படாமல், தன் முதல் இழுப்பைத் தொடங்கினாள். தோள் இற்றுப்போனது. நிறுத்தவில்லை. ஆஷா மோர் கொண்டுவந்து கொடுத்தபோதும் இடது கையால் வாங்கிக் குடித்துவிட்டு வலது கையால் இழுத்தாள்.

கடைசியில் ஒரு விரல் இடைவெளி மட்டும் மிஞ்சியது. அதில் ஈரக் கலவையை நிரப்பி, நனைத்த சணல் சரடு ஒன்றை மேலிருந்து கீழாக, கோணல்மாணலாக அழுத்திப் பதித்தாள். கொஞ்சம் இறுகட்டும் என்று காத்திருந்து, சரட்டின் ஒரு முனையைப் பிடித்துச் சரேலென்று பிய்த்தாள். சரடு போன வழியில் விளிம்பு உடைந்து, அங்கங்கே சில்லுப் பெயர்ந்து, ஒரு விரிசல் வாய் திறந்தது. சின்னப் பிரஷால் அதன் அடியில் கரும்பழுப்பைத் தடவினாள். ஒரு பக்க விளிம்பில் மட்டும் வெள்ளையைக் காட்டினாள். விரிசலுக்கு ஆழம் வந்துவிட்டது. கையை விட்டால் முழங்கை வரை போகும் போல இருந்தது.

செல்வமணி அருகில் வந்து பார்த்தார். பீடியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தூசி படாமலிருக்கச் சுவருக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டார்கள். காலையில் மேல்பூச்சு கொடுத்துவிட்டால் வேலை தீர்ந்தது.

காலையில் அவர்கள் வருவதற்கு முன்னால் பிச்சுமணி மாமா ஷீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

மாமியின் கணவரான அவர் மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயிண்டு விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று முதலிலேயே கைகழுவியவர். கௌசல்யாவும் செல்வமணியும் தெருமுனையில் வரும்போதே அவர் குரல் கேட்டது.

"அனந்தம்! ஓடி வா! சுவர் பொளந்துண்டாச்சு! ஆஷாவை வெளியிலே கூட்டிண்டு போ, முதல்லே கூட்டிண்டு போ!"

உள்ளே போனால் கூடத்தில் மேஸ்திரி ஜெபசிங் நின்றுகொண்டிருந்தார். அடுத்த தெருவில் மதில் கட்டிக்கொண்டிருந்தவரை மாமா கையோடு இழுத்து வந்துவிட்டார். ஜெபசிங் கரண்டிக் காம்பால் விரிசலின் இந்தப் பக்கம் தட்டினார், அந்தப் பக்கம் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். முகம் ஒரு மாதிரியாகப் போனது.

"மாமா, சத்தம் கல்லு மாதிரியில்லா இருக்கு. பொட்டின சொவருக்கு இப்பிடிச் சத்தம் வராதே."

"நான் கண்ணாலே பார்க்கறேனே ஓய்! ஆத்தோரத்து மண்ணு, இறங்கியிருக்கும். நான் அப்பவே இவகிட்டே சொன்னேன்."

ஜெபசிங் விரல் நகத்தை விரிசலுக்குள் விட்டார். நகம் நுனியளவுக்கு மேல் உள்ளே போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். விரலில் பழுப்பு ஒட்டியது. ஒரு நிமிஷம் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"பெயிண்டு! மாமா, இது பெயிண்டாக்கும்! லேய் செல்வமணி, ஒனக்க எந்த ஆளுலே இதைச் செஞ்சது? சொவரு கெட்டியே தலை நரைச்சவன் நான், என்னையே ஏமாத்திட்டானே!"

"ஆளு இல்லவே. பொம்பளை. இதோ நிக்கா" என்றார் செல்வமணி.

ஜெபசிங் கௌசல்யாவை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா இருப்பே மக்கா. ஆனா எனக்க வீட்டுப் பக்கம் வந்திராதே." சிரித்துக்கொண்டே கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாமா வெட்கத்தை மறைக்கப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஆஷா விரிசலைப் போனில் படம் பிடித்துக்கொண்டே, "கிடு ஆயிட்டுண்டு!" என்று மலையாளத்தில் மெச்சினாள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது வேண்டாம்."

"அம்மா, இது டிசைன்தானே? நிஜம் இல்லையே."

"பொய்யானாலும் விரிசல் விரிசல்தான். கர்ப்பிணி இருக்கற ஆத்துலே, இந்தச் சுவருக்கு முன்னாலே மணையைப் போட்டு உன்னை உட்கார வச்சு, பின்னாலே வீடு பொளந்துண்டு நிக்கணுமா? நான் சம்மதிக்க மாட்டேன். எடுத்துடச் சொல்லு. சுவரே வேண்டாம், வெறும் வெள்ளை அடிச்சுட்டுப் போகட்டும்."

செல்வமணி தொண்டையைச் செருமினார். "மாமி சொல்றதும் நியாயந்தான். விசேஷ வீடு. சுரண்டி வெள்ளையடிக்க இன்னைக்கு ஒரு நாள் போதும்." பையைத் திறந்து சுரண்டியை எடுத்தார். அதைக் கொண்டுவர வேண்டாமென்று சொல்லியிருந்தும் அது பையில் இருந்தது. அவர் சுவரின் இடது கோடிக்கு, லிங்கம் தொடங்கிய இடத்துக்குப் போனார்.

கௌசல்யா சுவருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"கெட்டுப்போச்சுன்னா என் கைல குடுங்கன்னுதான் சொன்னேன். இன்னும் கெட்டுப்போகல அண்ணாச்சி."

"நகரு கௌசல்யா."

அவள் நகராமல் மாமியைப் பார்த்தாள். "மாமி, நெசமாவே உங்க வீட்டுச் சுவர் வெடிச்சிருந்தா என்ன செய்வீங்க?"

"இதென்ன கேள்வி? கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசி அடைப்போம்."

"சுவரை இடிக்க மாட்டீங்கல்லா?"

"விரிசலுக்காக எவளாவது சுவரை இடிப்பாளா?"

"அப்பம் பூசி அடைச்சுருதேன். அடைச்ச சுவர்னா குத்தமில்லையே?"

ஆஷா மாமியாரையும் கௌசல்யாவையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே பேப்பர் சத்தம் நின்றுவிட்டது.

"அடைச்சதுன்னா..." மாமி யோசித்தாள். "அடைச்சா தோஷம் இல்லைதான். எங்காத்துக் கிணத்துச் சுவர்கூட அடைச்சதுதான், எந்தக் காலத்துலேயோ. இன்னிவரைக்கும் நிக்கறது." பிறகு எதையோ முடிவு செய்தவளாக எழுந்தாள். "ஆனா வெறுமனே அடைக்கக் கூடாது. இரு. ராகு காலம் போகட்டும்."

செல்வமணி சுரண்டியைப் பைக்குள் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார்.

ராகு காலம் போனதும் கௌசல்யா வெள்ளைச் சிமெண்டுப் பட்டியை ஒரு தட்டில் கொட்டித் தண்ணீர் விட்டாள். மாமி பூஜை அறையிலிருந்து மஞ்சள்பொடிக் கிண்ணத்தோடு வந்தாள். "மங்களமா இருக்கட்டும்" என்று தன் கையாலேயே ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போட்டாள். கொஞ்சம் யோசித்து இன்னொரு சிட்டிகை. கை தாராளமான மாமி. மூன்றாவது தடவை பாதிக் கிண்ணம் விழுந்துவிட்டது.

கௌசல்யா கையை விட்டுப் பிசைந்தாள். பழைய காரையோடு சேர்வதற்கு இளமஞ்சள் நல்லதுதான் என்று நினைத்தாள். பிசையப் பிசைய மஞ்சள் கறுத்தது, பிறகு சிவந்தது. ரத்தச் சிவப்பாகத் தட்டு முழுக்க நிறைந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளைச் சிமெண்டிலும் சுண்ணாம்புதான் இருக்கிறது என்பது, வருஷக்கணக்காகப் பட்டி குழைத்த அவளுக்கு அந்த நேரத்தில் மறந்துபோய்விட்டது. கை வைத்தாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பட்டி இறுகிவிடும். மிச்சப் பட்டியும் இல்லை.

செல்வமணி எழுந்து நின்றார். கையில் சுரண்டி இருந்தது.

"ஐயோ மாமி, இது..." என்று கௌசல்யா தொடங்கினாள்.

மாமியின் முகம் மலர்ந்திருந்தது. "ஆரத்தி! பார்த்தியாடி ஆஷா? யாரும் கரைக்காமலே ஆரத்தி ஆயிடுத்து! நான் என்னத்தை நினைச்சுண்டு போட்டேன், அது என்னவா வந்திருக்கு பார்!"

"கெமிஸ்ட்ரி அம்மா" என்றாள் ஆஷா.

"உன் கெமிஸ்ட்ரியைக் கொண்டு குப்பையிலே போடு. கௌசல்யா, என்ன பார்த்துண்டு நிக்கறே? இறுகறதுக்குள்ளே அடை!"

கௌசல்யா சாரத்தில் ஏறினாள். தகட்டின் நுனியில் சிவப்புப் பட்டியை எடுத்து விரிசலின் வாயில் வைத்து அழுத்தினாள். மேலிருந்து கீழே, அங்குலம் அங்குலமாக அடைத்து வந்தாள். சில்லுப் பெயர்ந்த இடங்களில் கட்டைவிரலாலேயே அமுக்கினாள். லிங்கத்தின் கடைசித் தடத்தை ஒட்டி வந்தபோது மட்டும் தகட்டை வைத்துவிட்டு, சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டு வைத்தாள். அவள் இறங்கியபோது இரண்டு உள்ளங்கையும் சிவந்து கிடந்தன. மாமி அந்தக் கைகளைப் பார்த்தாள். "கையை அலம்பிண்டு வா, காப்பி கலக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

காய்ந்ததும் சிவப்பு தணிந்து செங்கல் பொடியின் நிறமாயிற்று. மறுநாள் காலையில் கௌசல்யா ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு வந்தாள். காவிப்பொடியைத் தண்ணியாகக் கரைத்து மேல்பூச்சு கொடுத்தாள். பூசிய உடனே ஈரத் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும்; பள்ளத்தில் நிறம் தங்கும், மேட்டில் வெளுக்கும். லிங்கத்தின் பக்கத்தைத் துடைக்கும்போது அவள் கை அவன் இழுப்புகளின் போக்கிலேயே போனது. கீழிருந்து மேலாக, சாய்வாக, முடிகிற இடத்தில் மணிக்கட்டுத் தானாகத் திரும்பிற்று. பலகையில் வராத அந்தச் சுண்டு, தடத்தின் மேல் துணியோடு போகும்போது வந்தது. அவள் நிறுத்தாமல் துடைத்துக்கொண்டே போனாள். நிறுத்தினால் திட்டுத் திட்டாகிவிடும்.

சாயங்காலம் செல்வமணி கூடத்தின் நடுவில் நின்று சுவரைப் பார்த்தார். பிறகு வாசல் வரைக்கும் பின்னால் போய்ப் பார்த்தார். இடப்பக்கம் மீன் வால்கள். நடுவில் எப்போதோ வெடித்து எப்போதோ அடைத்த மாதிரி ஒரு செங்காவிக் கோடு. வலப்பக்கம் நீள நீளமான நிதான இழுப்புகள்.

"ஒட்டு தெரியுதா அண்ணாச்சி?"

"தெரியுது" என்றார் அவர். "ஒட்டுத்தான் அழகா இருக்கு." சற்றுப் பொறுத்து, "பேரூர்க்கடைல ஒரு வீடு இருக்கு. மரம் மாதிரி கேக்கான். திங்கக்கிழமை தொடங்கணும்" என்றார்.

"கலவை குழைக்க ஆள் பாத்துக்கிடுங்க. தகடு நான் பிடிக்கேன்."

"அதைத்தானம்மா சொல்லுதேன்." சுரண்டியை அவள் பைக்குள் போட்டார். "இது உன்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா எடுக்கத்தான் தோணும்."

மிச்சமிருந்தது டேப் உரிக்கிற வேலை. தன் பக்கத்து டேப் சட்டென்று வந்துவிட்டது. லிங்கம் ஒட்டியது இத்தனை நாள் கிடந்ததில் பசை இறுகி, இழுத்தால் பூச்சையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும் போல இருந்தது. அவள் யோசித்து நிற்பதைப் பார்த்த ஆஷா, தலை காயவைக்கிற டிரையரை எடுத்து வந்தாள்.

"சூடு காட்டினா இளகுமா சேச்சி?"

"காட்டிப் பாரு. ரொம்பக் கிட்ட வேண்டாம். நீ குனியாதே, அந்த நாற்காலில உக்காந்துக்கோ."

ஆஷா வயிற்றைச் சரித்து உட்கார்ந்து டிரையரைப் பிடித்தாள். கௌசல்யா சுவரின் இடது மூலையில் மண்டியிட்டு, விரலால் தடவித் தடவித் தேடினாள். தரையை ஒட்டி, அவன் தொடங்கிய இடத்தில் அது இருந்தது. சின்னதாக ஒரு மடிப்பு. அவள் நகத்துக்குச் சிக்குகிற அளவு.

அதை நகத்தால் நிமிண்டி, விரல்களுக்கு நடுவில் பிடித்தாள். சூடு பட்டு டேப் மெல்ல இளகியது. அவள் அவசரப்படாமல், பூச்சு ஒரு துளியும் பெயராமல், இழுத்துக்கொண்டே போனாள். அடியில் ஓரம் கத்தியால் வெட்டியது போல நேராக வந்துகொண்டிருந்தது. செங்காவிக் கோடு வந்ததும் அவன் டேப் முடிந்தது. அதற்கு அப்பால் அவள் ஒட்டி, அவளே சற்று முன் உரித்துச் சுருட்டி வைத்த டேப் தரையில் கிடந்தது. அதன் நுனியும் சின்னதாக மடிந்திருந்தது.